இடம்பெயர்ந்த ஆண்டில் தேனீயின் மொழியைப் படித்தவர்

1944 ஆம் ஆண்டு மியூனிக் நகரில் விழுந்த குண்டுகள் பேராசிரியர் கார்ல் வொன் பிரிஷ்ஷின் வீட்டை அழித்தன. அவர் பணியாற்றிய விலங்கியல் நிறுவகமும் பெரும் சேதமடைந்தது. மிஞ்சியவற்றை எடுத்துக்கொண்டு, ஒஸ்திரியாவின் வொல்ப்காங் ஏரிக்கரையில் இருந்த குடும்பத்தின் பழைய ஆலை வீட்டுக்கு அவர் இடம்பெயர்ந்தார். அவருக்குப் புகழ் தேடித்தந்த கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது.

1886 இல் வியன்னாவில் பிறந்தவர் பிரிஷ். தந்தை சத்திரசிகிச்சை நிபுணர். மகனும் மருத்துவம் படிக்கத் தொடங்கி, இடையில் விலங்கியலுக்கு மாறினார். தேனீக்களுக்கு நிறம் தெரியாது என்று அக்காலத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். இளைஞரான பிரிஷ் நீல அட்டை ஒன்றில் சீனிப்பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு பாகை அகற்றி, பல அளவிலான சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே வெறும் நீல அட்டையை வைத்தார். தேனீக்கள் நீலத்தையே தேடி வந்தன. பூக்கள் யாருக்காக நிறம் பூசிக்கொள்கின்றன என்ற கேள்விக்கும் அதில் விடை இருந்தது.

உணவு இருந்த இடத்தை மட்டுமல்ல, அது கிடைத்த நேரத்தையும் தேனீ நினைவில் வைத்திருக்கும். தினமும் குறித்த நேரத்தில் பாகு வைத்தால், பாகு வைக்காத நாளிலும் அந்த நேரத்துக்கே வந்துநிற்கும். இதை 1929 இல் எழுதி வெளியிட்டவர் அவருடைய மாணவி இங்கபோர்க் பேலிங்.

1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தனர். யூதர்களுக்கு இடம் கொடுக்கிறார் என்று பிரிஷ் மீது முறைப்பாடுகள் எழுந்தன. அவருடைய தாய்வழிப் பாட்டி யூத வம்சத்தவர் என்பது தோண்டியெடுக்கப்பட்டு, 1941 இல் அவர் 'கால் யூதர்' என வகைப்படுத்தப்பட்டார். பதவி பறிபோகும் நிலை. அவரைக் காப்பாற்றியது ஒரு நோய்! நொசீமா என்ற ஒட்டுண்ணி ஜேர்மனியில் இலட்சக்கணக்கான தேனீக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. மகரந்தச் சேர்க்கை குறைந்தால் விளைச்சல் குறையும். போர் நடத்தும் அரசுக்கு உணவு வேண்டும். அதனால் அவரைப் பதவி நீக்குவது போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. அவர் தப்பியதும் அந்த ஆட்சிக்கு உதவிய வேலையாலேயே என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஏரிக்கரையில் அவர் உணவுத்தட்டுகளைக் கூட்டிலிருந்து வெகுதூரத்தில் வைத்துப் பார்த்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லிவந்தது, வட்ட நடனம் தேனைக் குறிக்கும், வயிற்றை ஆட்டும் நடனம் மகரந்தத்தைக் குறிக்கும் என்பதுதான். அது பிழை என்று இப்போது தெரிந்தது. வட்ட நடனம் அருகிலுள்ள உணவுக்கு, ஆட்ட நடனம் தொலைவிலுள்ள உணவுக்கு. 100 மீற்றர் தூரமென்றால் 15 செக்கன்களில் ஒன்பது, பத்துச் சுற்றுகள். 6 கிலோமீற்றர் என்றால் இரண்டே சுற்றுகள். 1945 கோடையில், போர் ஓய்ந்திருந்தபோது, திசையும் பிடிபட்டது. இருண்ட கூட்டுக்குள் செங்குத்தான அடையில் 'மேலே' என்பது சூரியன் இருக்கும் பக்கம். சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் உணவு இருந்தால், மேல்நோக்கிய கோட்டிலிருந்து வலப்புறம் 40 பாகை சாய்த்துத் தேனீ ஓடும். தான் நினைவில் கொண்டுவந்த வழியை அது கூட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒப்புவிக்கிறது.

கிழக்கு முன்னரங்கில் காயப்பட்டுத் திரும்பிய மார்ட்டின் லின்டவர் என்ற சிப்பாய், பிரிஷ்ஷின் விரிவுரை ஒன்றைக் கேட்டு அவரின் மாணவரானார். 1950களில் அவர் இலங்கைக்கு வந்து, பேராதனையில் எங்கள் தேனீக்களை ஆராய்ந்தார். கொம்புத்தேனீ அடையின் தட்டையான மேற்பரப்பில், திறந்த வானின் கீழ், உணவு இருக்கும் திசையை நேரடியாகவே நோக்கி ஆடுவதைக் கண்டார். மற்றத் தேனீக்களின் நடனம் இத்தகைய எளிய வடிவிலிருந்து வளர்ந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. காட்டுக்குத் தேனெடுக்கப் போனவர்கள் அந்தச் சிறு அடையை அறிவார்கள்.

1973 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூவருக்குப் பகிரப்பட்டது. கொன்ராட் லோரன்ஸ் நாசிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ டின்பெர்கன் ஜேர்மனியரின் பணயக்கைதி முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். மூன்றாமவர், அப்போது 86 வயதைக் கடந்திருந்த பிரிஷ். அவர் 1982 இல் மியூனிக்கில் காலமானார்.