மன்னரின் பேரன் எழுதிய நோய் டைரி

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன், அகஸ்டஸ் டி எஸ்டே. 1794-ம் ஆண்டு பிறந்தார்.

தந்தை, சசெக்ஸ் கோமகன். மன்னரின் ஆறாவது மகன். தாய், அகஸ்டா மர்ரே சீமாட்டி. இருவரும் ரோம் நகரில் ரகசியமாக மணந்து கொண்டவர்கள். மன்னரின் சம்மதம் இல்லாத திருமணம், 1772-ம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. குழந்தை பிறந்த அதே ஆண்டில் கல்யாணம் ரத்து ஆயிற்று. அரச ரத்தம் ஓடியும், அரச குடும்பத்தில் அகஸ்டசுக்கு இடம் இல்லை!

அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். 1815-ல் அமெரிக்காவில் நடந்த நியூ ஆர்லியன்ஸ் போரிலும் இருந்தார்.

கண்ணில் தொடங்கியது

1822 டிசம்பர். தந்தையைப்போல் நேசித்த ஓர் உறவினரைப் பார்க்க, ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது, அவர் உயிரோடு இல்லை. சவ அடக்கத்தில் பலர் கூடியிருந்தார்கள். அகஸ்டஸ் அழுகையை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை.

சில நாளில் கண் மங்கியது. தனக்கு வந்த கடிதத்தைக்கூடப் பிறர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அப்போது வயது 28. பின்னர், மருந்து இல்லாமலே பார்வை திரும்பிவிட்டது. அந்தத் துயரத்தில் ஆரம்பித்துத்தான் அவர் தன் நோயை எழுதினார்.

1827-ல் இத்தாலியில் புளோரன்ஸ் நகரில் இருந்தபோது, ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரிந்தது. பித்தம் என்றார் வைத்தியர். நெற்றிப் பொட்டில் அட்டை விட்டார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கண் தெளிந்தது. ஆனால் கால் தளர்ந்தது! விழுந்தால் தானாக எழ முடியாது. வேலைக்காரன் வந்து தூக்க வேண்டும்.

இன்னொரு வைத்தியர் வந்தார். தினம் இரண்டு வேளை மாட்டிறைச்சி, கூடவே ஒயின் என்றார். சில வாரத்தில் கால் தேறியது. இறைச்சி குணப்படுத்தியதா? இல்லை. வந்து, தணிந்து, மறுபடி வருவது இந்த நோயின் சுபாவம். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறை அங்கங்கே சிதைவதுதான் காரணம். அன்று யாருக்கும் அது தெரியாது. பாவம், அவரும் மின்சார சிகிச்சை வரை எல்லாவற்றையும் செய்து பார்த்தார்.

ஆண்டுகள் போகப்போக, தணிவது குறைந்தது. கைத்தடி வந்தது. பிறகு சக்கர நாற்காலி வந்தது.

1843-ல் தந்தை இறந்தார். கோமகன் பட்டம் தனக்கே உரியது என்று அகஸ்டஸ் பிரபுக்கள் சபையில் வழக்காடினார். தாயின் கல்யாணம் செல்லும் என்று நிலைநாட்ட அதுவே கடைசி வாய்ப்பு. 1844-ல் வழக்கு தோற்றது.

அதன் பிறகும் எழுதினார். டைரி 1846 வரை போகிறது. 1848 டிசம்பரில், 54-ம் வயதில் மறைந்தார்.

இருபது ஆண்டு கழித்து, 1868-ல், பாரிஸ் வைத்தியர் ஷார்கோ இந்த நோயைத் தனி நோயாக விளக்கிக் காட்டினார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் நோய் அதுவே. அகஸ்டசின் டைரி, அவர் இறந்து நூறு ஆண்டு கழித்து, 1948-ல் புத்தகமாக வந்தது. அவருக்கு வந்தது என்ன நோய் என்று பின்னாளில் தெரிந்தது, அவருடைய டைரியைப் படித்துத்தான்.