புரூக்ளின் மக்கள் செபித்த மனிதர்



1953ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நியூயோர்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினிலே வெயில் கொளுத்தியது. அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றிய ஹெர்பர்ட் ரெட்மண்ட் அடிகளார், இந்த வெப்பத்தில் பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும்படியும், கில் ஹொட்ஜசுக்காக ஒரு செபம் சொல்லும்படியும் மக்களைக் கேட்டு, அத்துடன் முடித்துக்கொண்டார்.

யார் இந்தக் கில் ஹொட்ஜஸ்? அவர் மரணப் படுக்கையிற் கிடந்த நோயாளி அல்லர். பேஸ்போல் ஆட்டக்காரர், பந்தை அடிக்க முடியாமற்போன ஆட்டக்காரர்.

பந்தடிக்கும் ஒருவருக்காக ஆலயத்திலே செபமா என்று நீங்கள் புன்னகைக்கலாம். ஆனால் அந்த ஆட்டமே அவருடைய தொழில். அவருடைய இல்லத்தில் அடுப்பெரிந்தது அந்த ஊதியத்தினாலேயே. கணவனின் தொழில் ஆட்டங்காணும்போது ஒரு குடும்பம் எப்படித் தவிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஆகவே இவருடைய வாழ்க்கையைச் சற்று நோக்குவோம்.

கில் ஹொட்ஜஸ் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் திகதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தம்முடைய பிள்ளைகள் அந்த இருளுக்குள் இறங்கக் கூடாது என்பதே அவருடைய விருப்பம். மகன் கத்தோலிக்கக் கல்லூரியான புனித சூசையப்பர் கல்லூரியிற் பயின்றார். விளையாட்டுத் திறமையினால் 1943இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியிற் சேர்ந்தார். அவ்வாண்டு ஆடியது ஒரேயொரு ஆட்டம். உடனே போர் அழைத்தது. கடற்படைத் தரைப்போர் வீரராகப் பசுபிக் சமுத்திரத்தின் தினியன், ஒக்கினாவா தீவுகளிற் பணியாற்றி, வெண்கல நட்சத்திர விருது பெற்று, 1946இல் வீடு திரும்பினார்.

1948ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாள், ஜோன் லொம்பார்டி என்னும் புரூக்ளின் நங்கையை மணந்தார். அங்கேயே குடியமர்ந்தார்கள். ஓர் ஆணும் மூன்று பெண்களுமாக நான்கு பிள்ளைகளைக் கடவுள் அவர்களுக்குத் தந்தார்.

அக்காலத்து ஆட்டக்காரரின் மனைவிக்கு எதுவும் நிச்சயமில்லை. ஆட்டக்காரர் கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். தாமாக விலகி வேறு கழகத்துக்குப் போக முடியாது. கழகமோ அவருடைய சம்மதமின்றியே அவரை இன்னோர் ஊருக்கு மாற்றலாம், விற்கலாம். அந்தக் கட்டு அவிழ்ந்தது 1975ஆம் ஆண்டின் இறுதியிலேதான். முழங்காலில் ஒரு காயம் பட்டாலும் போதும், தொழிலே ஆட்டங்காணும்.

பேஸ்போல் ஆட்டத்தை நம் நாட்டு எல்லே விளையாட்டின் உறவினர் எனலாம். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் உருண்டைத் தடியால் அடித்துவிட்டு நிலைகளைச் சுற்றி ஓடுவார். பத்துத் தடவையில் மூன்று தடவை நன்றாக அடிப்பவரே அங்கே சிறந்த ஆட்டக்காரர். ஏழு தடவை தோற்பவரைச் சிறந்தவர் என்று மதிக்கும் தொழில் அது.

1952இல் ஹொட்ஜஸ் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி 32 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் ஆண்டின் இறுதியில், நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கெதிரான உலகத் தொடரிலே, 21 தடவை முயன்றும் ஒரு நல்ல அடிகூட அவருக்குக் கிட்டவில்லை. ஏழாவது ஆட்டத்திலே அணி தோற்றது. அடுத்த ஆண்டு பிறந்தும் அந்த வறட்சி நீங்கவில்லை. பத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. மே மாதத்தில் அணியிலிருந்து நிறுத்தி அவரை வெளியே உட்கார வைத்தார்கள்.

இங்கேதான் புரூக்ளின் மக்களின் பெருந்தன்மையைக் காண்கிறோம். தோற்ற ஆட்டக்காரரைக் கூவி இகழ்வது அவ்வூர் வழக்கம். ஹொட்ஜசையோ அவர்கள் இகழவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். கடிதங்களும் செபமாலைகளும் சுரூபப் பதக்கங்களும் அவரிடம் வந்து குவிந்தன. அந்த நாட்களிலேதான் ரெட்மண்ட் அடிகளாரும் தம் மக்களைச் செபிக்கும்படி கேட்டார்.

பின்பு நடந்தது என்ன? அணியின் முகாமையாளர் சார்லி டிரெசன், ஹொட்ஜஸ் ஆடுவதைப் படம்பிடித்து அவருக்கே காட்டினார். பந்து வரும்போது முன்னங்கால் விலகிப் போவது அதிலே தெரிந்தது. அவர் பிழையை ஏற்றுக்கொண்டு பொறுமையாகத் திருத்திப் பழகினார். அந்த ஆண்டின் முடிவில் பத்துக்கு மூன்று என்ற நல்ல நிலைக்கு உயர்ந்து, 31 ஹோம் ரன்களும் அடித்திருந்தார். இறையருள் மனித முயற்சியைத் தள்ளி வைப்பதில்லை என்று திருச்சபை நமக்குப் போதிக்கின்றதல்லவா? செபித்த மக்களும் வேண்டும். பிழையைக் காட்டிய முகாமையாளரும் வேண்டும். திருந்த இசைந்த தாழ்மையும் வேண்டும்.

ஆனால், அன்பர்களே, செபித்தார்கள், வென்றார் என்று சொல்லி இக்கதையை முடித்துவிடாதீர்கள். 1953இன் உலகத் தொடரில் ஹொட்ஜஸ் நன்றாகவே ஆடினார்; அணியோ மறுபடியும் தோற்றது. 1955 அக்டோபர் 4ஆந் திகதிதான் விடிவு வந்தது. அதற்குமுன் ஏழு தடவை இறுதித் தொடரிலே தோற்ற புரூக்ளின், அன்று 2–0 என வென்றது. அந்த இரண்டு ஓட்டங்களுக்கும் காரணமானவர் ஹொட்ஜஸ். கடைசிப் பந்தைப் பிடித்த கையும் அவருடையதே.

அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 1957 முடிவில் கழகமே புரூக்ளினை விட்டு, சுமார் 4,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தது. தொழில் அங்கே, மனைவியின் வேரோ இங்கே. இந்தப் பிரிவின் வேதனையை, கணவனைத் தூர இடத்துக்கு அனுப்பிவைத்த சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1962இல் புதிதாகத் தோன்றிய நியூயோர்க் மெற்ஸ் அணிக்கு அவர் திரும்பி வந்தபோது முழங்கால் தளர்ந்துவிட்டது. 1963இல் ஆட்டத்தை நிறுத்தி, வாஷிங்ரன் அணியின் முகாமையாளரானார். 1967இன் முடிவில் மெற்ஸ் கழகம் ஒரு பந்து வீச்சாளரையும் 100,000 டொலரையும் கொடுத்து அவரைத் திரும்பப் பெற்றது.

1968 செப்டம்பர் 24ஆந் திகதி, அற்லாண்டா நகரில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் மாரடைப்பு அவரைத் தாக்கியது. அப்போது வயது 44. மிகுதியாகப் புகைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும் மறு ஆண்டு அவர் பணிக்குத் திரும்பினார். தன் முதலாண்டில் 120 ஆட்டங்களில் தோற்று நகைப்புக்கிடமான அந்த அணி, 1969இல் அவருடைய தலைமையில் உலகத் தொடரை வென்றது.

1972 ஏப்ரல் 2ஆந் திகதி ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழா. அன்று புளோரிடாவில் நண்பர்களுடன் கோல்வ் விளையாடிவிட்டுத் திரும்பிய ஹொட்ஜஸ் திடீரென விழுந்து உயிர் நீத்தார். நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. புரூக்ளினில், கிறிஸ்தவர்களின் சகாய மாதா ஆலயத்தில் இறுதித் திருப்பலி நடைபெற்றது. அவ்வூர்த் திருச்சிலுவைச் சேமக்காலையில் அவர் துயில்கின்றார்.

நாற்பத்தைந்து வயதிலே கைம்பெண்ணான ஜோன் அம்மையார் புரூக்ளினிலேயே தங்கிவிட்டார். பேஸ்போல் ஆட்டத்தின் புகழ் மண்டபத்திலே கணவனின் பெயர் இடம்பெறும் என்று காத்திருந்தார். தேர்தல் வரும், பெயர் தவறும். மறுபடியும் வரும், மறுபடியும் தவறும். 2021 டிசம்பரிலேதான் அவர் தெரிவானார். 2022 ஜூலை 24ஆந் திகதி அந்த விழாவிலே மகள் ஐரீன் தந்தைக்காகப் பேசினார். இரண்டு மாதங்கள் முடியுமுன், செப்டம்பர் 17ஆந் திகதி, 95 வயதான ஜோன் அம்மையாரும் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, கடவுளை நம்பிய இக்குடும்பத்துக்கு எல்லாம் விரும்பியபடி நடக்கவில்லை. வெற்றியும் வந்தது, இடமாற்றமும் வந்தது. புகழும் வந்தது, உயிர்ப்பு ஞாயிறன்றே மரணமும் வந்தது. விசுவாசம் என்பது ஆண்டவருடன் பேசும் பேரமன்று. நாளைக்கு என்ன வரும் என்று தெரியாமலே, நாளையும் அவருடையதுதான் என்று அவர் கையைப் பற்றிக்கொள்வதே விசுவாசம். அந்தக் கையைப் பலவேளை நாம் அயலவரின் கையாகவே உணர்கிறோம். புரூக்ளின் மக்கள் ஹொட்ஜசின் பெயரைச் சொல்லிச் செபித்தது அவர் வென்றபோதன்று, தோற்றபோதே.

உங்கள் பங்கிலும் வேலை இழந்த தகப்பன் ஒருவர் இருப்பார். அடுத்த மாதத்தை எண்ணி உறங்காத தாய் ஒருத்தி இருப்பாள். வருகிற ஞாயிறு திருப்பலியிலே அவர்களைப் பொதுவாக நினைக்காமல், பெயர் சொல்லி ஒரு செபம் சொல்லுங்கள். பின்பு அவர்கள் வீட்டு வாசலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.