ஆல்பர்ட் ஹோவர்ட்

சர் ஆல்பர்ட் ஹோவர்ட் (டிசம்பர் 8, 1873 - அக்டோபர் 20, 1947) ஆங்கிலேயத் தாவரவியலாளர், வேளாண் அறிவியலாளர். இவர் 26 ஆண்டுகள் இந்தியாவில் பணியாற்றினார். பருத்தி ஆய்வுக்காக நிறுவப்பட்ட இந்தூர் நிலையத்தில் இவர் வகுத்த மக்குரம் செய்யும் முறை "இந்தூர் முறை" எனப்படுகிறது. இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவரது சிந்தனை உருப்பெற்றதில் நார்ப் பயிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் சிராப்சயர் பகுதியில் உள்ள பிசப்சு காசில் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனிலும் கேம்பிரிட்ச்சிலும் பயின்றார். 1899 முதல் 1902 வரை மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய்களை ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் வை வேளாண் கல்லூரியில் பணியாற்றினார். ஆய்வகத்தில் நோயை ஆராய்பவருக்குச் சொந்தமாகப் பயிரிட நிலம் இல்லாதது பெருங்குறை என்பது இக்காலத்தில் இவர் அடைந்த முடிவு.

பூசாவில்

1905-இல் பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் அரசுப் பொருளியல் தாவரவியலாளராக அமர்ந்தார். அதே ஆண்டு, தாவர உடலியங்கியலில் தேர்ந்த கேப்ரியல் மத்தாய் என்பவரை மணந்தார். கேப்ரியல் (1876-1930) கணவருக்கு உதவியாளர் மட்டுமல்லர். 1913 முதல் அரசின் இரண்டாம் பொருளியல் தாவரவியலாளராகப் பதவி வகித்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுகளைப் பிற்காலத்தார் பலர் ஆல்பர்ட்டின் பெயரில் மட்டும் குறிப்பிடுவது சரியன்று.

இங்கு இவர்கள் உருவாக்கிய பூசா கோதுமை வகைகள் புகழ்பெற்றவை. கோதுமையுடன் சணப்பு, புளிச்சை ஆகிய நார்ப் பயிர்களின் வகைகளையும் பிரித்து ஆராய்ந்தனர். ஆளிவிதைச் செடியில் இவர்கள் கண்டது குறிப்பிடத்தக்கது. கரிசல் நிலத்து வகைகளின் வேர் ஆழமாக இறங்க, கங்கைச் சமவெளி வகைகளின் வேர் மேலாகவே பரவியிருந்தது. மண்ணில் சத்து எவ்வளவு உள்ளது என்பதோடு, வேர் அதை எட்டுமா, அங்கே காற்று உண்டா என்பதையும் கேட்க வேண்டும் என்ற கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

இந்தூரும் பருத்தியும்

பூசாவில் ஆய்வு தனித்தனித் துறைகளாகப் பிரிந்து கிடந்தது இவருக்கு நிறைவளிக்கவில்லை. 1924-இல் இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் நிதியுதவியுடன் இந்தூரில் தொடங்கிய பயிர்த்தொழில் நிலையத்தின் இயக்குநரானார். ஓல்கர் அரசு சுமார் 300 ஏக்கர் நிலம் அளித்தது.

மாளவக் கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும். மழைக்காலத்தில் ஊதி இறுகி, காற்றுப் புகும் இடைவெளிகளை மூடிவிடும். முதல் மழையில் நுண்ணுயிர்கள் விரைந்து செயற்பட்டு மண்ணில் நைட்ரேட்டைப் பெருக்குகின்றன. அப்போது பருத்தி இளங்கன்று. அதற்குத் தேவை சிறிதே. பருத்தி வளர்ந்து சத்தை வேண்டும் நேரத்தில் கனமழை அந்த நைட்ரேட்டின் பெரும்பகுதியை அரித்துச் சென்றிருக்கும், அல்லது நீர் தேங்கிய மண்ணில் அது வளியாகிப் போயிருக்கும். ஆகவே வடிகாலும் மண்ணின் மட்குமே முதல் தேவை என ஹோவர்ட் முடிவு செய்தார்.

இந்தூர் முறை இதிலிருந்து பிறந்தது. பருத்தி மாறு கடினமானது, எளிதில் மக்காது. அதைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்களால் நொறுக்கினர். பின்னர் அதனுடன் களை, சருகு, சாணம், மாட்டுக் கொட்டகையின் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமாக்கி, மும்முறை புரட்டினால் சுமார் 90 நாட்களில் உரம் ஆயத்தமாகும். தொடக்கத்தில் தழைச்சத்தைப் போல் சுமார் 33 மடங்கு இருந்த கரிமம் முடிவில் சுமார் 10 மடங்காகக் குறையும். சிறுநீர் மண் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் தந்தது. மரச்சாம்பல் புளிப்பைப் போக்கியதோடு சாம்பல்சத்தையும் கூட்டியது. உடன் பணியாற்றிய யசுவந்த் வாட் இம்முறையை விளக்கும் 1931-ஆம் ஆண்டு நூலின் இணையாசிரியர். சீன உழவர் வழக்கங்களைப் பற்றிய எப். எச். கிங்கின் நூலும் இதற்குத் தூண்டுகோலாயிற்று.

நார்ப் பயிர்களும் பேரூட்டச் சத்துக்களும்

1840-இல் யுசுடசு லீபிக் வெளியிட்ட வேளாண் வேதியியல் நூலுக்குப் பின், உரம் என்றாலே தழை, மணி, சாம்பல் சத்துக்களின் கணக்கு என்றாயிற்று. ஹோவர்ட் எதிர்த்தது இக்கணக்கை. ஆயினும் இன்றைய அறிவு அக்கணக்கையும் தள்ளிவிடவில்லை. பருத்தியில் தழைச்சத்து மிகுந்தால் செடி இலையும் கிளையுமாகத் தழைத்து, காய் வெடிப்பது தாமதமாகும்; பூச்சியும் பெருகும். மணிச்சத்து வேரையும் காய் முதிர்ச்சியையும் ஊக்குவிக்கும். பூத்தபின் சுமார் 3 வாரங்களில் பஞ்சிழை நீள்கிறது. அதற்குரிய உள்ளழுத்தத்தைத் தருவதில் சாம்பல்சத்து முதன்மையானது. அது குறைந்தால் இழை குட்டையாகி நலியும். தண்டில் நார் தரும் சணல், புளிச்சை போன்றவற்றில் தழைச்சத்தே தண்டின் உயரத்தையும் நாரின் அளவையும் பெரிதும் முடிவு செய்கிறது. சணப்பு மட்டும் வேர்முடிச்சுகளால் தனக்கான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

பஞ்சில் 90 விழுக்காட்டுக்கு மேல் செல்லுலோசு. அது நிலத்திலிருந்து கொண்டுபோகும் சத்து மிகக் குறைவு. சத்து போவது விதையோடு. பிண்ணாக்கையும் மாற்றையும் நிலத்துக்குத் திருப்பினால் இழப்பு குறையும் என்பதால், ஹோவர்டின் திருப்பியளிக்கும் கொள்கை பருத்திக்கு நன்கு பொருந்துகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நார்ப் பயிரான தென்னையில் நிலைமை வேறு. தேங்காய் மட்டையில் சாம்பல்சத்து மிகுதி. அது நீரில் எளிதில் கரையும். மட்டை கயிற்றுத் தொழிலுக்குச் செல்லும்போது தோப்பின் சாம்பல்சத்தும் உடன் செல்கிறது. ஊறவைக்கும் நீரிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். மழை மிகுந்த இம்மாவட்டத்தின் செம்மண்ணிலும் கரையோர மணலிலும் அச்சத்து தங்குவதும் குறைவு. மட்டையைத் தென்னையைச் சுற்றிப் புதைக்கும் வழக்கம் ஈரத்தைக் காப்பதோடு இவ்விழப்பையும் ஓரளவு ஈடுசெய்கிறது.

செயற்கை உரம் எதுவும் தேவையில்லை என்று பிற்காலத்தில் ஹோவர்ட் கொண்ட நிலையை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை. மணிச்சத்து குன்றிய நிலத்தில் விளைந்த கழிவைக் கொண்டு செய்த மக்குரத்திலும் அச்சத்து குறைவாகவே இருக்கும். இந்த மறுப்பு நியாயமானது. வேர்ப்பூஞ்சைகள் பயிருக்கு உணவூட்டுகின்றன என்ற இவரது கருத்தோ வலுப்பெற்றுள்ளது. பருத்தி வேரில் வாழும் பூஞ்சைகள் மணிச்சத்தை எடுத்துத் தருவது இன்று நன்கு அறியப்பட்டது.

இறுதிக் காலம்

1930-இல் கேப்ரியல் மறைந்தார். மறு ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டு நீங்கி, கேப்ரியலின் தங்கை லூயிசை மணந்தார். 1934-இல் "சர்" பட்டம் பெற்றார். வேளாண்மை பற்றிய இவரது பெருநூல் 1940-இல் வெளிவந்தது. 1935-இல் காந்தி இந்தூர் நிலையத்துக்குச் சென்று உரம் செய்யும் முறையைப் பார்வையிட்டார். அமெரிக்காவில் ரோடேலும் இங்கிலாந்தில் ஈவ் பால்பரும் ஹோவர்டின் கருத்துக்களைப் பரப்பினர். 1947-இல் இங்கிலாந்தில் காலமானார். இவரது இந்தியப் பணிகளை விவரித்து லூயிசு எழுதிய நூல் 1953-இல் வெளியானது. இந்தூர் நிலையம் இருந்த வளாகத்தில் பின்னர் வேளாண் கல்லூரி அமைந்தது.