சேஷாத்திரியும் பருத்திப் பூவும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காடுகள் வானம் பார்த்த நிலங்கள். ஐப்பசி மழையில் விதைத்த கருங்கண்ணிப் பருத்தி, தைத் திங்களில் மஞ்சட் பூக்களைத் தாங்கி நிற்கும். உழவர் அப்பூவில் வரப்போகும் காயைக் காண்பாரேயன்றி நிறத்தைக் கருதார். பருத்திப் பூவின் மஞ்சள் ஒரு பொருளால் ஆயதா, பல பொருள்களின் கூட்டா என ஆராய்வதில் பல்லாண்டு உழைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே வேதியறிஞர் தி. இரா. சேஷாத்திரி.

அவர் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்றபின் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரில் பேராசிரியர் இராபர்ட் இராபின்சனிடம் ஆராய்ச்சி பயின்று 1929இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிக் கோயமுத்தூரில் சிறிது காலம் பணி செய்தார். 1933இல் வால்ட்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வேதியியற்றுறையை ஏற்றார். அப்பல்கலைக்கழகம் தோன்றி ஏழாண்டுகளே ஆகியிருந்தன. மான்செஸ்டரின் வசதிகளை அங்கே எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் பூக்களுக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டுப் பருத்தி வகைகளின் மலர்களையே அவரும் அவர்தம் மாணவர்களும் ஆய்வுக்கு எடுத்தனர்.

பொன்னிறம் என்ற ஒரு சொல்லோடு புலவர் அமைந்துவிடுவர். வேதியியலார்க்கு அஃது அமையாது. ஆங்கில அறிஞர் பெர்க்கின் பருத்தி மலரிலிருந்து காசிப்பெட்டின் என்னும் நிறப்பொருளை முன்னரே கண்டிருந்தார். சேஷாத்திரி குழுவினர் ஹெர்பாசெட்டின் என்ற மற்றொன்றையும் கண்டு அதன் அமைப்பை நிறுவினர். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை மூலக்கூற்றில் ஒரே ஓர் ஆக்சிசன் அணுவேயாம். இத்துணை நெருங்கிய உறவினரைப் பிரிப்பது எளிதன்று. இதழ்களை உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை வடித்து, காரீய உப்புகளால் படிவுகளாக வீழ்த்தி, மீண்டும் மீண்டும் படிகமாக்கித் தூய்மை செய்தல் வேண்டும். கலப்புச் சிறிது எஞ்சினும் அதன்மேற் கட்டிய முடிவெல்லாம் பிழையாகும்.

உலகப் போர் இடையே வந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின்மீது சப்பானியர் குண்டு வீசினர். பல்கலைக்கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தது. இடம் மாறினும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

1949இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பட்டார். அதற்குள் நிறம் பிரிக்கும் புதுமுறையொன்று பரவத் தொடங்கியிருந்தது. உருசிய நாட்டுத் தாவரவியலறிஞர் சுவெட் என்பார் 1903இலேயே இலைச்சாற்றை நுண்பொடி நிறைத்த குழாயின் வழியே வடித்து, அதன் நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியக் காட்டியிருந்தார். பொடிக்கு மாற்றாகத் தாளையே கொள்ளலாம் என மார்ட்டின் குழுவினர் 1944இல் கண்டனர். இதன் இயல்பை வகுப்பறையிலேயே காணலாம். மையொற்றுந்தாளின் நடுவே கறுப்பு மையை ஒரு துளி வைத்து, உலர்ந்தபின் அப்பொட்டின் நடுவே துணித்திரியால் நீர் ஏறச் செய்க. தாளைப் பற்றிக்கொள்ளும் நிறம் பின்தங்கும். நீரோடு செல்ல விழையும் நிறம் முந்தும். மை பல சாயங்களின் கலப்பாயின், கறுப்பு மறைந்து வண்ண வளையங்கள் விரியும்.

இங்ஙனம் வட்டமாக விரியும் தாள்முறையைச் சேஷாத்திரியின் தில்லி ஆய்வகமும் மேற்கொண்டது. மலர்ச்சாற்றின் வளையங்கள் கண்ணுக்கு மங்கலானவை. அம்மோனியா ஆவியிற் பிடித்தால் அவை தெளியும். முன்பு கூடை கூடையாகப் பூவும் வாரக்கணக்கில் உழைப்பும் வேண்டிய இடத்தில், சாற்றில் எத்தனை நிறப்பொருள்கள் உள என்பதை அறிய ஒரு துளியும் சில மணி நேரமும் போதுமாயின. அமைப்பை நிறுவும் அரும்பணி மட்டும் பழையபடியே இருந்தது.

இலண்டன் இராயல் கழகம் 1960இல் அவரை உறுப்பினராக்கியது. 1963இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. பூ, பட்டை, மரத்தில் ஒட்டி வளரும் பாசிக்காளான் என அவர் ஆயாத நிறமூலம் சிலவே எனலாம். 1965இல் ஓய்வுபெற்ற பின்னும் ஆய்வகத்தை விட்டு அகலாத அவர், 1975 செப்டம்பர்த் திங்களில் காலமானார்.