புரதம் எப்படியெல்லாம் வளையும்? வரைபடம் போட்டுத் தந்த ஜி.என்.ராமச்சந்திரன்

பசுவந்தனை, கோவில்பட்டி பக்கக் கரிசல் காட்டில் பங்குனி வெயிலைத் தாங்கி நிற்கிறது ஒரு பருத்திச் செடி. அதன் செல்லுக்குள் என்ன நடக்கும்?

சூடு ஏறினால் புரதங்களின் மடிப்பு குலையும். மடிப்பு போனால் வேலையும் போச்சு. செல் முதலில் அவற்றைச் சரிசெய்யப் பார்க்கும். முடியலைன்னா, 'யூபிக்விட்டின்' என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, 'புரோட்டியசோம்' என்ற அமைப்புக்கு அனுப்பித் துண்டாக்கிவிடும். நம் உடம்பிலும் இதே கதைதான்.

சரி, ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும்? இதற்கு விடை சென்னையில் கிடைத்தது.

யார் இவர்?

ஜி.என்.ராமச்சந்திரனின் பூர்வீகம் நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரம். பிறந்தது எர்ணாகுளத்தில், 1922-ல். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி.ராமன் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் இன்னொரு முனைவர் பட்டம். 1952-ல், 30 வயதுகூட நிறையாத நிலையில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர்.

கங்காரு வாலில் கிடைத்த விடை

தோல், எலும்பு, தசைநாண்களில் இருக்கும் புரதம் கொலாஜன். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, அது மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார்.

உடனே எதிர்ப்பு வந்தது. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாக பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. உண்மையில் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, வெளியான படிகத் தரவுகளைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணனுடன் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்'. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்கள். அவற்றில் பெரும்பாலான சேர்க்கைகள் நடக்காது, அணுக்கள் இடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள சில பகுதிகளே சாத்தியம்.

மூவிழை என்ற அடிப்படை நிலைத்தது. குறை சொன்னதால் பிறந்த வரைபடமோ அதைவிடப் பெரிதாக வளர்ந்தது.

நோபல் வரவில்லை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இன்றைக்கும் மருந்துக்காகவோ, வெயில் தாங்கும் பயிருக்காகவோ ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டால், அது நம்பத்தக்கதா என்று முதலில் சரிபார்க்கும் சோதனைகளில் ஒன்று, இந்த வரைபடம்தான்.