டோரதி ஹாட்ஜ்கின்: இன்சுலினைப் 'படம் பிடிக்க' 34 ஆண்டுகள் போராடிய விஞ்ஞானி - சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தினமும் இன்சுலின் ஊசி போடும் வீடா உங்களுடையது? அந்த மூலக்கூறின் வடிவத்தை உலகுக்குக் காட்டிய குழுவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த எம்.விஜயனும் இருந்தார். குழுவை வழிநடத்தியவர் டோரதி ஹாட்ஜ்கின்.

1910-ல் கெய்ரோவில் பிறந்த டோரதி, ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தார். 24 வயதிலேயே முடக்குவாதம் வந்து கை மூட்டுகள் வீங்கின. ஆனாலும் ஆய்வை அவர் விடவில்லை. 1935-ல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தார். ஆனால், அதை வைத்து வடிவத்தைக் கணக்கிட அன்று கணினி கிடையாது.

இடையில் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் வடிவங்களைக் கண்டுபிடித்து, 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் இவருடைய மாணவிதான்.

இன்சுலின் பிடிபட்டது 1969-ல். அப்போது டோரதிக்கு வயது 59. விஜயன் 1971-ல் பெங்களூரு திரும்பி, புரதப் படிகவியல் துறையை இந்தியாவில் வளர்த்தெடுத்தார். டோரதி 1994-ல் காலமானார்.

சர்க்கரை நோய் ஏன் வருகிறது?

டைப் 1-ல், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. டைப் 2-ல் இன்சுலின் இருக்கும், செல்கள்தான் அதன் பேச்சைக் கேட்காது. பரம்பரை, தொப்பை, உட்கார்ந்தே செய்யும் வேலை, தூக்கக் குறைவு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது.

புற்றுநோய் எங்கே வருகிறது?

செல்கள் கேட்காதபோது கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. செல்களை வளரச் சொல்லும் சமிக்ஞையும் இன்சுலின்தான். அது நீண்டகாலம் மிகுந்திருந்தால் புற்றுசெல்களுக்கும் தீனியாகலாம் என்பது ஒரு விளக்கம். டைப் 2 உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உட்சுவர் புற்றுநோய்களின் ஆபத்து சுமார் இரு மடங்கு என்று அமெரிக்க நீரிழிவு சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் சங்கமும் 2010-ல் கூட்டாகத் தெரிவித்தன. ஆனால் உடல் பருமன், வயது, புகை, மது ஆகியவை இரண்டு நோய்களுக்குமே பொதுவானவை. எனவே எல்லாப் பழியையும் சர்க்கரை மீது போட முடியாது.

அப்போ இன்சுலின் ஊசி ஆபத்தா?

12,500-க்கும் மேற்பட்டோரிடம் 6 ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 2012-ல் முடிவு வெளியான 'ஒரிஜின்' ஆய்வில், கிளார்ஜின் இன்சுலின் போட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை. பயந்துபோய் ஊசியை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 50 வயதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரெனச் சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால், கணையத்தைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.