நஞ்சைத் தம் குருதியில் அளந்தவர்

நிறமும் மணமும் அற்ற நஞ்சொன்று உடலினுள் எவ்வளவு புகுந்தது என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்குத் தம் உடலையே ஆய்வுகூடமாக்கியவர் ஜோன் ஸ்கொற் ஹால்டேன்.

1860இல் எடின்பரோவிற் பிறந்த இவர், மருத்துவம் பயின்று, ஒக்ஸ்போட்டில் உடற்றொழிலியல் ஆராய்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிப்பின்பின் பரவுவது காபனோரொட்சைட்டு என்னும் வாயு. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமின்றிச் செய்துவிடும். 1895இல் ஹால்டேன் அதனைத் தாமே சுவாசித்தார். இடையிடையே தம் குருதியில் துளிகளை எடுத்து, நிறமாற்றத்தைக் கொண்டு நஞ்சேறிய விகிதத்தைக் கணித்தார். அது பாதியைக் கடந்தபோது கால்கள் தள்ளாடின, பார்வை மங்கிற்று.

மறு ஆண்டு, வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் 57 பேர் மாண்டனர். பிணங்களின் தோலிற் படர்ந்த செம்மையையும் குருதியையும் ஆராய்ந்த அவர், பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, வாயுவே என நிறுவினார். சிற்றுயிர்கள் மனிதருக்கு முன்னரே அதனால் மயங்குமாதலின், சுண்டெலியையோ சிறு பறவையையோ உடன்கொண்டு செல்லுமாறு அறிவுறுத்தினார். பிரித்தானியச் சுரங்கங்களிலே கனேரிப் பறவை 1980களின் பிற்பகுதி வரை அப்பணி புரிந்தது.

1936இல் ஹால்டேன் மறைந்தார். காற்றிலுள்ள நஞ்சை அளப்பதோடு அமையாது, மனிதனுட் புகுந்ததையும் அளத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு காட்டிய நெறி. பிறரை அளக்குமுன் அவர் அளந்தது தம்மையே.